குழம்பு முதலில், மீன் கடைசியில்

மீன் சமையலில் உள்ள சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். மீன் உடைகிறது, இறால் ரப்பர் மாதிரி ஆகிறது, கடம்பா என்கிற கணவாயை மெல்ல முடியவில்லை, என் மசாலாவில் என்ன தப்பு? ராயபுரத்தில் பிறந்து வளர்ந்து, வாரத்தில் நாலு நாள் மீன் வாசனையோடு இருந்த வீட்டிலிருந்து வந்தவள் நான். உங்கள் மசாலாவில் பெரும்பாலும் தப்பே இல்லை. மீனை எப்போது சட்டியில் போடுகிறீர்கள், எவ்வளவு நேரம் விடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அக்கா, என் குழம்பில் மீன் சதையெல்லாம் கரைந்து முள்தான் மிஞ்சுகிறது. மாமியார் வைத்தால் துண்டு அப்படியே நிற்கிறது. புளியை ஊற்றியதும் மீனைப் போட்டு 20 நிமிடம் கொதிக்க விடுகிறேன். பச்சை வாசனை போக வேண்டாமா?
— வாசகி, கொளத்தூர்

பச்சை வாசனை போகத்தான் வேண்டும் தங்கச்சி. ஆனால் அது புளியிலும் மிளகாய்த்தூளிலும் இருக்கிற பச்சை வாசனை, அதற்கு மீனை ஏன் உள்ளே உட்கார வைக்கிறீர்கள்? ஆட்டுக்கறியில் தசையைக் கட்டி வைத்திருக்கிற சவ்வு நிறைய, அது கரைய நேரம் பிடிக்கும், அதனால் கறியைக் கொதிக்க விடுகிறோம். மீனில் அந்தச் சவ்வு ரொம்பக் கொஞ்சம், அதுவும் லேசான சூட்டிலேயே கரைந்துவிடும். வெந்த மீன் ஏடு ஏடாகப் பிரிவது அதனால்தான். 20 நிமிடம் தளதளவென்று கொதித்தால் எந்த மீனும் நிற்காது.

அரை கிலோ மீனுக்கு நான் வைக்கிற முறையைச் சொல்கிறேன். கழுவிய துண்டுகளில் கொஞ்சம் கல் உப்பும் மஞ்சள்தூளும் தடவி 15 நிமிடம் வையுங்கள், உப்பு மீனிலிருந்து தண்ணீரை இழுத்துச் சதையைக் கொஞ்சம் இறுக்கும். அது ஊறுகிற நேரத்தில் சட்டியில் நல்லெண்ணெய் 4 மேஜைக்கரண்டி ஊற்றி, வடகம் இருந்தால் வடகம், இல்லையென்றால் கடுகும் அரைக் கரண்டி வெந்தயமும் போட்டு, சின்ன வெங்காயம் 15, பூண்டு 10 பல், கறிவேப்பிலை எல்லாம் வதங்கியதும் 2 தக்காளியைக் குழைய வதக்குங்கள். மிஷினில் கொடுத்து அரைத்து வைத்திருக்கிற குழம்பு மிளகாய்த்தூள் 3 கரண்டி. எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, உப்புப் போட்டு, இப்போது கொதிக்க விடுங்கள். உங்களுடைய 20 நிமிடத்தை இங்கே செலவு செய்யுங்கள். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து மேலே வரணும், ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் புளி குத்தக் கூடாது, குழம்பு நீங்கள் விரும்புவதைவிடக் கொஞ்சம் கெட்டியாகவே இருக்கணும், ஏனென்றால் மீன் போட்டதும் அது தண்ணீர் விடும். அதாவது மீன் இல்லாமலே சோற்றில் ஊற்றிச் சாப்பிடலாம் என்கிற நிலைக்குக் குழம்பு வந்த பிறகுதான் மீன் உள்ளே போகிறது.

மீனைப் போட்டதும் ஒரு கொதி வரட்டும், உடனே தீயைக் குறைத்து 5 அல்லது 6 நிமிடம். கரண்டி போட்டுக் கிளறாதீர்கள். சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து ஒரு சுற்று சுழற்றிவிட்டால் போதும். அடுப்பை அணைத்த பிறகும் சட்டியின் சூட்டில் மீன் வெந்துகொண்டுதான் இருக்கும், மண்சட்டியாக இருந்தால் இன்னும் அதிகம், அதனால் ‘இன்னும் ஒரு நிமிடம்’ என்று தோன்றும்போதே அணைத்துவிடுங்கள். அப்புறம் அரை மணி நேரம் மூடியைத் தொடாமல் இருந்தால் உப்பும் புளியும் தானாக உள்ளே இறங்கும். உங்கள் மாமியார் செய்வதும் இதுவாகத்தான் இருக்கும். ஒரு நாள் பக்கத்தில் நின்று, எப்போது மீனைப் போடுகிறார் என்று மட்டும் பாருங்கள்.

விருந்தாளி வந்தால் வஞ்சிரம்தான் குழம்பு வைக்கணும் என்கிறார் கணவர். விலையைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. வேறு எந்த மீன் வைக்கலாம்?
— வாசகி, அம்பத்தூர்

வஞ்சிரத்தைக் குழம்பில் போடுவது எனக்குப் பிடிக்காது, வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். வறுப்பதற்கு அதை மிஞ்ச மீன் இல்லை, சதை கெட்டி, நடு முள் ஒன்றுதான், குழந்தைக்குக்கூடக் கொடுக்கலாம். ஆனால் அந்தக் கெட்டிச் சதை குழம்பை உள்ளே விடாது. குழம்புக்கு ருசி தருவது தலையும் முள்ளும் தோலும் கொழுப்பும். சங்கரா வாங்குங்கள், தலையோடு. கிழங்கான் வாங்குங்கள், அதன் சதை அவ்வளவு மிருது, உடம்பு சரியில்லாதவர்களுக்கும் ஒத்துக்கொள்ளும். கானாங்கெளுத்தியிலும் மத்தியிலும் எண்ணெய்ச் சத்து அதிகம், குழம்பின் மேலே அவற்றின் எண்ணெயே மிதக்கும். நெத்திலியில் மாங்காய் போட்டு வைத்தால் அதற்கு இணையே கிடையாது, அங்கே புளியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், நெத்திலிக்கு 3 நிமிடம் போதும். காரப்பொடி முள் நிறைந்தது, நிதானமாகச் சாப்பிடத் தெரிந்தவர்களுக்கு மட்டும். விருந்தாளிக்கு வஞ்சிரம் நாலு துண்டு வறுத்து வையுங்கள், குழம்பு சங்கராவில் இருக்கட்டும். கணவரையே கேளுங்கள், எந்தக் கிண்ணம் முதலில் காலியானது என்று.

இன்னொன்று, மாதத்தையும் பார்த்து வாங்குங்கள். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017-ல்தான் 61 ஆனது. அந்த நாட்களில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, அதனால் பெரிய மீன் கேரளாப் பக்கமிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும் ஐஸில் வருகிறது, விலையும் ஏறுகிறது. ஆனால் சின்னப் படகுகள் போகும். பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம் பக்கம் காலையில் போனால் அன்றைக்குக் கரை சேர்ந்த சின்ன மீன் கிடைக்கும். மே மாதத்தில் வஞ்சிரத்துக்கு ஆசைப்படாமல் அன்றைக்குக் கிடைத்த நெத்திலியையும் கிழங்கானையும் வாங்குங்கள், காசும் மிச்சம், மீனும் புதுசு.

காசிமேடு போனால் எல்லோரும் ‘இப்பத்தான் வந்தது’ என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், வில்லிவாக்கம்

முழு மீனாக வாங்குங்கள், வாங்கிய பிறகு வெட்டச் சொல்லுங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்தால் நல்ல சிவப்பாக இருக்கணும், பழுப்பாகவோ வெளிறியோ இருந்தால் வேண்டாம். செவுளை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கண் உப்பலாக, கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கணும், உள்வாங்கியிருந்தால் பழைய மீன். விரலால் அழுத்தினால் குழி உடனே எழும்பணும். வயிறு கிழிந்து குடல் தெரிந்தால் விட்டுவிடுங்கள், மத்தியில் இது முக்கியம். கடைசியாக மூக்கு. புது மீனில் கடல் வாசனைதான் வரும், கவுச்சி வாடை தூக்கலாக அடித்தால் நேரமாகிவிட்டது என்று அர்த்தம். துண்டு போட்டு வைத்த வஞ்சிரம் வாங்கத்தான் வேண்டுமென்றால், சதை நடு முள்ளை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள், முள்ளிலிருந்து விலகியிருந்தால் பழசு.

காசிமேட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை 9 மணிக்குப் போய்விட்டு, கூட்டம், விலை என்று எழுதியிருக்கிறீர்கள். செவ்வாய், புதன் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். கையில் மூடி உள்ள ஒரு டப்பா எடுத்துப் போங்கள், அங்கேயே ஐஸ் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். பைக்கில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு வில்லிவாக்கம் வருவதற்குள் நம் ஊர் வெயில் நல்ல மீனையும் கெடுத்துவிடும்.

கானாங்கெளுத்திக் குழம்பு சாப்பிட்ட அரை மணி நேரத்தில் கணவருக்கு முகம் சிவந்து உடம்பெல்லாம் தடிப்பு. எனக்கும் பையனுக்கும் லேசாக. இதுவரை மீன் ஒத்துக்கொள்ளாமல் போனதே இல்லை. இனி மீனையே நிறுத்திவிடணுமா?
— வாசகி, மேடவாக்கம்

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கவலையாகிவிட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் டாக்டரிடம் காட்டி, எந்த மீன், எப்போது சாப்பிட்டது என்று சொல்லுங்கள். அலர்ஜியா இல்லையா என்பதை அவர்தான் சொல்லணும். மூச்சுத் திணறலோ நாக்கு, தொண்டை வீக்கமோ வந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆனால் ஒரே குழம்பைச் சாப்பிட்ட மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் வந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வேறு சந்தேகம் வருகிறது. கானாங்கெளுத்தி, சூரை, மத்தி மாதிரி மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால், பாக்டீரியா அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். சாப்பிட்டால் அலர்ஜி மாதிரியே சிவப்பு, தடிப்பு, தலைவலி, படபடப்பு வரும். இதில் மோசம் என்னவென்றால், அந்த ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது, ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. நிறம், வாசனையை வைத்தும் எப்போதும் கண்டுபிடிக்க முடியாது. சில வருடங்களுக்கு முன் மதியம் 2 மணிக்கு ஒரு தெருவோரக் கடையில், ஐஸே இல்லாத தட்டிலிருந்து நான் சூரை வாங்கினேன், மலிவாக இருந்தது. முதல் வாயிலேயே நாக்கில் மிளகு வைத்த மாதிரி சுருக்கென்றது. காரம் ஜாஸ்தி போல என்று நினைத்துச் சாப்பிட்டேன், அன்று சாயங்காலம் வரை தலைவலியும் உடம்பு அரிப்பும். அப்படி நாக்கு சுருக்கென்றால் தட்டை அங்கேயே வைத்துவிடுங்கள், குழம்பு போனால் போகட்டும். டாக்டர் அலர்ஜி இல்லை என்று சொல்லிவிட்டால் மீனை நிறுத்த வேண்டியதில்லை, இந்த மீன்களை மட்டும் காலையில், ஐஸில் இருப்பதாகப் பார்த்து வாங்கி, வீட்டுக்கு வந்த உடனே கழுவி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

இறால் தொக்கு செய்தால் ரப்பர் மாதிரி இருக்கிறது. கடம்பாவும் அப்படியே.
— வாசகர், வேளச்சேரி

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், நேரம். இறால் தண்ணீர் விடுகிறது, அந்தத் தண்ணீர் சுண்டும் வரை நீங்கள் கிளறிக்கொண்டே இருக்கிறீர்கள், அதற்குள் இறால் சுருங்கிக் கெட்டியாகிறது. உப்பு, மஞ்சள் போட்டு 2 நிமிடம் வதக்கி, நிறம் மாறியதும் இறாலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, விட்ட தண்ணீரை அப்படியே வெங்காயம் தக்காளி மசாலாவில் ஊற்றிச் சுண்ட வையுங்கள். தொக்கு சுருண்டு வந்ததும் இறாலைச் சேர்த்து ஒரு நிமிடம் பிரட்டி இறக்குங்கள். அரை வட்டமாக வளைந்திருந்தால் சரியான பதம், முழு வளையமாகச் சுருண்டுவிட்டால் நேரம் தாண்டிவிட்டது. உரித்த தலையையும் ஓட்டையும் தூக்கிப் போடாதீர்கள், 15 நிமிடம் தண்ணீரில் கொதிக்க வைத்து வடிகட்டினால், அந்தத் தண்ணீரில் வைக்கிற முருங்கைக்காய் இறால் குழம்பின் ருசியே வேறு.

கடம்பா இன்னும் கறாரான ஆசாமி. பெரிய தீயில் 2 நிமிடத்தில் இறக்கணும், இல்லையென்றால் சின்னத் தீயில் முக்கால் மணி நேரம் விடணும். நடுவில் எங்கே நிறுத்தினாலும் மெல்ல முடியாது. உங்களுடையது 10 நிமிடத்தில் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

மீன் சாப்பிட்டு மோர் குடித்தால் வெண்குஷ்டம் வரும் என்று பாட்டி சொல்வார். உண்மையா?
— வாசகி, பெரம்பூர்

இல்லை. வெண்புள்ளி என்பது தோலுக்கு நிறம் தருகிற செல்கள் அழிவதால் வருவது, உடம்பின் எதிர்ப்பு சக்தியே அந்தச் செல்களைத் தாக்குகிறது. மீனுக்கும் மோருக்கும் அதில் பங்கு இல்லை, அது தொற்றுவதும் இல்லை. குஷ்டம் என்ற சொல்லையும் அதனோடு சேர்க்க வேண்டாம், அது வேறு நோய்.

அம்மா வைக்கும் மீன் குழம்பில் ஒரு வாசனை வரும், எனக்கு வருவதே இல்லை. வடகம் என்கிறார். கடையில் வாங்கியதில் அந்த வாசனை இல்லை. வீட்டில் எப்படிப் போடுவது?
— வாசகி, திருவொற்றியூர்

வடகம் இல்லாத மீன் குழம்பு எனக்குப் பாதிக் குழம்புதான், எங்கள் வடசென்னைப் பக்கம் நிறைய பேர் அப்படித்தான் சொல்வார்கள். சித்திரை வெயிலில் போடணும். 1 கிலோ சின்ன வெங்காயத்தை உரித்து ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள், மிக்ஸியில் விழுதாக்கிவிட்டால் கெட்டது, கைகுத்தாக இருக்கணும். கால் கிலோ பூண்டைத் தோலோடு தட்டிப் போடுங்கள். 100 கிராம் உளுத்தம்பருப்பு, கடுகும் சீரகமும் 50 கிராம், வெந்தயம் 25, மஞ்சள்தூள், நிறையக் கறிவேப்பிலை, கல் உப்பு, இவ்வளவையும் பிசைந்து ஒரு ராத்திரி மூடி வையுங்கள். காலையில் பிழிந்து உருண்டை பிடித்து வெயிலில் வைக்கணும், வடிந்த தண்ணீரை எடுத்து வைத்து, சாயங்காலம் உருண்டைகளை உதிர்த்து அதே தண்ணீரில் திரும்பப் பிசைந்து மூடணும். தண்ணீர் தீரும் வரை தினமும் இப்படி. அப்புறம் விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து உருட்டி, உள்ளே ஈரமே இல்லாமல் காய வையுங்கள், எல்லாம் சேர்த்து பத்து நாளுக்கு மேலேயும் ஆகலாம். அந்த விளக்கெண்ணெய்தான் வண்டு வராமல் காக்கிறது, வாசனையிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கடை வடகத்தில் நீங்கள் தேடுவது அதுவாக இருக்கலாம். பால்கனியில் நாலு மணி நேரம் வெயில் விழுந்தாலும் போதும், நாள் மட்டும் கூடும்.

தாளிக்கும்போது எண்ணெய் மிதமாகக் காயணும், வடகம் கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும். சிலர் கடைசியில் தனியாகத் தாளித்துக் கொட்டுவார்கள், அது இன்னும் மணக்கும், என் அம்மா அப்படித்தான் செய்வார்.

பிள்ளை பெற்ற மகளுக்குச் சுறாப் புட்டு செய்து கொடுக்க ஆசை. அவித்ததும் மூக்கைத் துளைக்கிற ஒரு நெடி வருகிறது, ஏன்?
— வாசகி, ஆவடி

சுறாவின் உடம்பில் யூரியா உண்டு, மீன் பழசாக ஆக அது அமோனியாவாக மாறும், அந்த நெடிதான் அது. சின்னப் பால் சுறாவாக, புதுசாகப் பார்த்து வாங்குங்கள். நெடி மூக்கைத் துளைக்கிற அளவுக்கு இருந்தால் மகளுக்குக் கொடுக்காதீர்கள். மஞ்சள் போட்ட கொதி தண்ணீரில் 7, 8 நிமிடம் அவித்து, தோலை உரித்து, முள்ளை எடுத்து, துணியில் வைத்து நன்றாகப் பிழிந்து உதிர்க்கணும். பிழிவதில் சோம்பல் பட்டால் புட்டு உதிரியாக வராது. பூண்டும் சின்ன வெங்காயமும் தாராளமாக, மிளகும் சீரகமும் பொடித்துப் போடுங்கள். ஒன்றே ஒன்று, பெரிய சுறா வேண்டாம். பெரிய மீன் பல வருடம் மற்ற மீன்களைத் தின்று வளர்கிறது, அதனால் பாதரசம் அதன் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும், கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மார்களும் அதைத் தவிர்க்கணும். பால் சுறாவும் என்றைக்காவது ஒரு நாள் போதும், மற்ற நாட்களில் நெத்திலியும் மத்தியும் கொடுங்கள்.

மறுநாள் மீன் குழம்புக்காகவே அதிகமாக வைக்கிறேன். வெளியே வைக்கலாமா, ஃப்ரிட்ஜில்தான் வைக்கணுமா?
— வாசகர், மயிலாப்பூர்

அந்தக் காலத்தில் ராத்திரி சுண்ட வைத்து உறியில் வைத்தார்கள், அந்தக் குழம்பில் புளியும் உப்பும் எண்ணெயும் நம்முடையதைவிட அதிகம். இப்போது நாம் எண்ணெயைக் குறைத்து, புளியைக் குறைத்து, தக்காளியைக் கூட்டிவிட்டோம், மே மாத ராத்திரியில் இந்தக் குழம்பு வெளியே தாங்காது. ஆறியதும், 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மண்சட்டியோடு வைக்க வேண்டாம், எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றுங்கள், அலுமினியம் வேண்டவே வேண்டாம், புளி அதை அரிக்கும்.

நான் இன்னொன்றும் செய்வேன். ராத்திரியே மீன் துண்டுகளைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து, முழுகும் அளவுக்குக் கொஞ்சம் குழம்பு ஊற்றி வைத்துவிடுவேன். காலையில் மீதிக் குழம்பை மட்டும் தளதளவென்று கொதிக்க வைத்து, தீயைக் குறைத்து, மீனைக் கிண்ணத்தில் இருக்கிற குழம்போடு அதில் இறக்கி, திரும்ப ஒரு கொதி வந்து மீன் உள்வரை சுட்டதும் அணைத்துவிடுவேன். பழைய சோற்றுக்கு அந்தச் சங்கராத் தலை உடையாமல் முழுசாக வரும்.